மறு: ஐநோடுக்குத் தமிழ்: ‘கோப்புச்சீட்டு’ என்று வைக்கலாம்

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம். லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில் ஒவ்வொரு கோப்பின் விவரங்களையும் வைத்திருக்கும் பதிவுக்கு ஐநோடு (inode) என்று பெயர். அதற்குத் தமிழில் ‘கோப்புச்சீட்டு’ என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. நோடு என்பதைக் கணு என்றும், ‘ஐ’யை இன்டெக்ஸ், அதாவது அட்டவணை என்றும் எடுத்துக்கொள்பவர்களுக்கு இது பதில்.

> கணு என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. ‘அட்டவணைக்கணு’ என்று வைத்து முடித்துவிடலாமே, எதற்கு இந்த இழுபறி?

முடித்துவிடலாம். ஆனால் அடுத்த வரியிலேயே ஐநோடு டேபிள் வந்து நிற்கும். அதை ‘அட்டவணைக்கணு அட்டவணை’ என்றா எழுதுவது? தனியாகப் பார்த்தால் அழகாக இருக்கும் சொல், நாலு கூட்டுச்சொற்களுக்கு நடுவே வைத்தால் பல்லை இளித்துவிடுகிறது. கலைச்சொல்லுக்கு வேர் பார்ப்பதற்கு முன்னால், அது பழுது பார்ப்பவனின் வாயில் எப்படி உட்கார்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

இந்த இழையைக் கிளப்பிய பழுதையே எடுத்துக்கொள்வோம். 8 ஜிபி வட்டு கொண்ட சிறிய உபுண்டு லினக்ஸ் வழங்கி (சர்வர்). இயங்குதளத்தின் மையமான கர்னலைப் புதுப்பிக்கும்போது ‘சாதனத்தில் இடமில்லை’ என்று பாதியில் நின்றுவிட்டது. வட்டின் இடத்தைக் கணக்குக் காட்டும் டிஎஃப் கட்டளையோ 82 சதவீதம்தான் நிரம்பியிருப்பதாகச் சொல்கிறது. கர்னல் கோப்புகள் இருக்கும் பூட் பகிர்வு நிரம்பியிருக்கும் என்றார் ஒருவர். வழக்கமாக அதுதான் காரணம், ஆனால் இந்த வழங்கியில் பூட் தனிப் பகிர்வாக இல்லை. நிர்வாகிக் கணக்கான ரூட்டுக்கென்று இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை ஒதுக்கிவைக்கும் 5 சதவீதத்தைக் காட்டினார் இன்னொருவர். அந்த ஒதுக்கீடு சாதாரணப் பயனரைத் தடுக்கும். மென்பொருள் தொகுப்புகளை நிறுவுவதற்காக ரூட்டாக ஓடும் ஏபிடியைத் தடுக்காது. டிஎஃப் கட்டளையோடு ‘-ஐ’ (-i) சேர்த்துப் பார்த்தபிறகுதான் விடை கிடைத்தது: ஐநோடுகள் 100 சதவீதம்.

காரணம் எளிது. கர்னலின் ஒவ்வொரு பதிப்போடும் நிரலாளர்களுக்கான ஹெடர் தொகுப்பு ஒன்று வந்து, யூஎஸ்ஆர் அடைவுக்குள் (டைரக்டரி) இருக்கும் எஸ்ஆர்சியில் பல்லாயிரம் பொடிக் கோப்புகளைக் கொட்டுகிறது. பழையவற்றை யாரும் துடைக்கவில்லை. ஒவ்வொன்றும் சில நூறு பைட்டுகளே ஆனாலும், ஒரு கோப்புக்கு ஓர் ஐநோடு தேவை. இஎக்ஸ்டி4இல் அவற்றின் எண்ணிக்கை, கோப்பு முறைமையை உருவாக்கும்போதே முடிவாகிவிடுகிறது. மாற்றாமல் விட்டால் 16,384 பைட்டுக்கு ஒன்று. 8 ஜிபிக்குச் சுமார் 5.24 லட்சம். முன்கூட்டியே அச்சடித்து எண் போட்டு வைத்த சீட்டுக்கட்டு போல. சீட்டு தீர்ந்தால், அலமாரியில் இடமிருந்தாலும் புதிய கோப்பை ஏற்க வழியில்லை.

இப்போது அந்த வழங்கிக்காரரிடம் என்ன சொல்வீர்கள்? ‘உங்கள் அட்டவணைக்கணுக்கள் நிரம்பிவிட்டன’ என்றால் மனிதர் முழிப்பார். ‘இடம் இருக்கிறது, கோப்புச்சீட்டு தீர்ந்துவிட்டது’ என்றால் பழுதும் புரிகிறது, அடுத்து என்ன செய்வது என்பதும் பாதி புரிந்துவிடுகிறது.

> ‘ஐ’ என்பது இன்டெக்ஸ் அல்லவா? அந்தப் பொருள் சீட்டில் எங்கே வருகிறது?

2002இல் இதைக் கேட்டபோது, லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சியே, இன்டெக்ஸ் என்பது தன் ஊகம்தான் என்றார். பெயர் வைத்த கூட்டத்தைச் சேர்ந்தவருக்கே உறுதியில்லாத எழுத்தை நாம் ஏன் தலையில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்? 1974இல் அவரும் கென் தாம்சனும் எழுதிய யூனிக்ஸ் கட்டுரையைப் பாருங்கள்: ஐ-எண் ஒன்று இருக்கிறது, அதைக் கொண்டு ஐ-பட்டியலில் தேடினால் கிடைக்கும் பதிவுதான் ஐ-நோடு. கோப்பின் உரிமையாளர், அனுமதிகள், அளவு, நேரங்கள், தரவு வட்டில் எங்கே இருக்கிறது என்ற விவரங்கள் எல்லாம் அதில் உண்டு. கோப்பின் பெயர் மட்டும் கிடையாது. பெயர் அடைவில் இருக்கிறது, பக்கத்தில் சீட்டு எண்ணோடு. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையோடு ‘-ஐ’ போட்டால் அந்த எண் தெரியும். இஎக்ஸ்டி4இல் தலைமை அடைவின் எண் 2. ஒரே கோப்பு முறைமையில் வேறு வேறு இரண்டு பெயர்கள் ஒரே சீட்டு எண்ணைக் காட்டினால் அதுதான் ஹார்டு லிங்க். இதைக் ‘கணு’ வைத்து மாணவர்களுக்கு விளக்கிப் பாருங்கள், நான் வேடிக்கை பார்க்கிறேன்.

> சீட்டு என்றால் ஏலச்சீட்டு, ரம்மி எல்லாம் நினைவுக்கு வருகிறது. உதவி மையங்களில் புகார்ச் சீட்டு (டிக்கெட்) வேறு இருக்கிறது.

ஏலச்சீட்டு நினைவுக்கு வந்தால் வரட்டும். எண்ணி வைத்தது, தீரக்கூடியது என்ற எண்ணம் அதோடு சேர்ந்தே வரும். புகார்ச் சீட்டோடு குழம்பும் என்பது நியாயமான கவலை. அதனால்தான் முதல் முறை ‘கோப்புச்சீட்டு’ என்று முழுதாக எழுதிவிட்டு, கூட்டுச்சொற்களில் மட்டும் ‘சீட்டு’ என்று சுருக்கச் சொல்கிறேன்: சீட்டு எண், சீட்டு அட்டவணை, அனாதைச் சீட்டு (ஆர்ஃபன் ஐநோடு). எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் என்ற வேறு இரண்டு கோப்பு முறைமைகளிலும் ஐநோடுகள் தேவைப்படும்போது உருவாகின்றன என்பதால் ‘முன்கூட்டியே அச்சடித்தது’ அங்கே பொருந்தாதே என்று ஒருவர் தனிமடலில் மடக்கினார். பொருந்தாதுதான். அப்போதைக்கப்போது கிழித்துத் தருவதும் சீட்டுதானே.

பழுதைச் சரிசெய்யக் காத்திருப்பவருக்கு, சொல் முடிவாகும்வரை பொறுக்க வேண்டாம். முதலில் யூநேம் கட்டளையோடு ‘-ஆர்’ (-r) சேர்த்து, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கர்னல் எது என்று பாருங்கள். அதையும் அதற்கு முந்தியதையும் தொடாதீர்கள். நீக்குவதற்கும் சில சீட்டுகள் வேண்டும், ஏனென்றால் ஏபிடிக்கு அடியில் வேலை செய்யும் டிபிகேஜி தன் நிலையைக் குறிக்கப் புதிய கோப்புகள் எழுதும். ஆகவே ஏபிடியின் கிளீன் கட்டளையால் பதிவிறக்கி வைத்த தொகுப்புகளைக் கழித்து மூச்சு வாங்குங்கள். தேவையற்ற தொகுப்புகளைத் தானாக நீக்கும் ஆட்டோரிமூவ் கட்டளை, பாதியில் நின்ற தொகுப்பைக் காட்டி முரண்டு பிடிக்கும். அப்போது மிகப் பழைய ஹெடர் தொகுப்பு ஒன்றையும் அதைச் சார்ந்திருப்பதையும் டிபிகேஜி கொண்டே நேரடியாக நீக்கி, பிறகு சார்புகளைச் சரிசெய்து, கடைசியில் ஆட்டோரிமூவ். எஸ்ஆர்சி அடைவைக் கையால் அழிக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். கோப்புகள் போய்விடும், ஆனால் தொகுப்புகள் இருப்பதாகவே டிபிகேஜி நம்பிக்கொண்டிருக்கும்.

இனி மொழிபெயர்ப்புக்கு. ‘சாதனத்தில் இடமில்லை’ என்ற செய்தியை இரண்டாகப் பிரிக்க நம்மால் முடியாது. இடம் தீர்ந்தாலும் சீட்டு தீர்ந்தாலும் கர்னல் தருவது ஒரே பிழை எண்தான். ஆனால் டிஎஃப் கட்டளையின் தலைப்பு வரி நம் கையில் இருக்கிறது: ‘சீட்டுகள், பயன்பட்டவை, மீதம், பயன்%’ என்று முன்மொழிகிறேன். ‘பயன்பட்டவை’ நீளம் அதிகம், நெடுவரிசை கோணிக்கொள்ளும். குறுகிய சொல் வைத்திருப்பவர்கள் அனுப்புங்கள். சீட்டுகளா, சீட்டுக்களா என்ற சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.

கணுவே வேண்டும் என்பவர்கள், மேலே உள்ள கூட்டுச்சொற்கள் அனைத்தையும் கணுவில் எழுதி அனுப்பினால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிடலாம்.