பொருள்: ‘குவாட்டரிங்’ போகட்டும், ‘காலொப்பு’ வரட்டுமா?

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

மாதிரி நீராவி எஞ்சின் கட்டும் குறிப்புகளில் இன்னமும் ‘குவாட்டரிங்’ என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம். தமிழ்நாட்டு வாசகர் ‘குவாட்டர்’ என்றதும் எந்தக் கடையை நினைப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. டர்பனில் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கோ அது ரயில்வே கொடுத்த ஓர் அறை வீடு. இரண்டும் எஞ்சினுக்கு உதவாது.

புதிதாக வந்தவர்களுக்காகச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினின் இரு பக்கமும் ஒவ்வொரு சிலிண்டர். பிஸ்டன் தன் ஓட்டத்தின் கோடியில் நிற்கும்போது நீராவி எவ்வளவு அழுத்தினாலும் கிராங்க் (அச்சைச் சுழற்றும் கை) திரும்பாது. விசை நேராக அச்சின் மையத்தில் போய் முட்டி நிற்கும். இரு பக்கமும் ஒரே சமயத்தில் அப்படி முடங்கினால் கையால் தள்ளித்தான் வண்டியைக் கிளப்ப வேண்டும். அதனால் ஒரு பக்கத்துக் கிராங்க் மறுபக்கத்தைவிடக் கால் சுற்று முந்தியிருக்கும்படி அச்சில் பொருத்துகிறார்கள். ஒன்று கோடியில் முடங்கும்போது மற்றது நடு ஓட்டத்தில் இழுத்துக்கொண்டிருக்கும்.

இதுதான் குவாட்டரிங். இதற்கு நம் குழுவில் இதுவரை மூன்று தமிழ்ச் சொற்கள் வந்திருக்கின்றன. ‘நாற்கூறாக்கம்’ எனக்கு உடன்பாடில்லை. இங்கே எதையும் நான்காக வெட்டவில்லை; ஆங்கிலச் சொல்லுக்குச் சட்டை மாட்டியதுபோல் இருக்கிறது. ‘சக்கரக் கோணமைவு’, ‘செங்கோணப் பொருத்தம்’ இரண்டும் பரவாயில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன், என் மேசைக்கு அந்தக் கிட் வந்து சேரும்வரை.

கிட் என்.ஜி.ஜி.16 வகைக் கேரட் எஞ்சினுக்கானது. (காய்கறி அல்ல, ஒரே கொதிகலனை நடுவில் தொங்கவிட்டு முன்னும் பின்னும் தனித்தனி இயங்கு அலகு வைத்த வகை.) இங்கே தென்னாப்பிரிக்காவில் போர்ட் ஷெப்ஸ்டோனிலிருந்து ஹார்டிங் வரை போன இரண்டடிப் பாதையில் ஓடியவை இவை. சில இப்போது வேல்ஸ் மலைகளில் சுற்றுலாப் பயணிகளை இழுத்துக்கொண்டிருக்கின்றன. 610 மில்லிமீட்டர் பாதை 1:19 அளவில் 32 மில்லிமீட்டராகிறது. அலகுக்கு மூன்று இணைந்த அச்சுகள். இரண்டு அலகுக்கு ஆறு அச்சு, பன்னிரண்டு கிராங்க்.

இந்த எஞ்சினில் சட்டகம் சக்கரங்களுக்கு வெளியே இருக்கிறது. கிராங்குகள் அதற்கும் வெளியே, அச்சின் நுனிகளில். சக்கரத்தை எந்த நிலையில் மாட்டினாலும் கவலையில்லை. ஆகவே ‘சக்கரக் கோணமைவு’ இந்த எஞ்சினிலேயே தடம் புரண்டுவிடுகிறது.

‘செங்கோணப் பொருத்தம்’ இன்னும் நுட்பமாகக் கெடுக்கிறது. சட்டகம் கட்டும்போது அச்சு சட்டகத்துக்குச் செங்கோணத்தில் இருக்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்க்கிறோம். அடுத்த பக்கத்தில் ‘செங்கோணப் பொருத்தம்’ என்று வந்தால் படிப்பவர் மீண்டும் மூலைமட்டத்தைத்தான் எடுப்பார். என் பேரன் எடுத்தான்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. முன் அலகின் மூன்று அச்சுகளையும் நான் அளந்து அளந்து, கண்ணுக்கு 90 பாகை என்று தெரியும்வரை திருப்பிப் பொருத்தினேன். ஒரு பக்கத்துக் கிராங்குகளை ஒன்றோடொன்று இணைக்கும் பிணைப்புத் தண்டுகளை மாட்டி உருட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் இறுகியது. எல்லோரும் செய்யும் தவற்றை நானும் செய்தேன்: தண்டின் துளையை அரத்தால் பெரிதாக்கினேன். இறுக்கம் போய்க் கடகடப்பு வந்தது. நாற்பது ஆண்டுகள் கடைசல் பட்டறையில் நின்றவன் செய்யக்கூடிய வேலையா அது!

பிறகுதான் நிதானம் வந்தது. முன்னச்சிலும் நடு அச்சிலும் 91 பாகை, பின்னச்சில் 89 என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்டு சண்டை போடும். மூன்றுமே 91 என்றால் எஞ்சின் வெண்ணெய்போல் ஓடும்; அந்த ஒரு பாகையை நீராவி கண்டுகொள்ளாது. சரியான செங்கோணம் அவ்வளவு முக்கியமில்லை, எல்லா அச்சுகளும் ஒத்திருக்க வேண்டும் என்பதுதான் இங்கே உயிர். நடு அச்சை அளவாக வைத்து, முன்னச்சை அதனோடு மட்டும் பிணைத்துச் சரிபார்த்து, அதைக் கழற்றிவிட்டுப் பின்னச்சைச் சரிபார்த்து, கடைசியில் மூன்றையும் பூட்டினேன். புதுத் தண்டுகளோடு இப்போது கண்ணாடிப் பலகையில் விரலால் தள்ளினால் போகிறது.

ஆகவே சொல்லில் இரண்டு செய்திகள் இருக்க வேண்டும்: கால் சுற்று என்பது ஒன்று, ஒத்திருத்தல் என்பது மற்றொன்று. காலொப்பு என்று வைக்கலாமா? ‘நடு அச்சுக்குக் காலொப்புப் பார்’, ‘அச்சுகள் காலொத்துவிட்டன’ என்று வினையாகவும் வரும். கிராங்குகளைப் பிடித்து நிறுத்தும் கட்டை ‘காலொப்புக் கட்டை’. ஒத்துவராத நிலைக்குச் சொல் தேடவே வேண்டாம், அது கால்பிசகு. உண்மையிலேயே அப்படித்தான் நொண்டுகிறது.

‘கால்’ என்றால் பழந்தமிழில் சக்கரமும்தான். குறளில் ‘கால்வல் நெடுந்தேர்’ வருகிறதே. அதை நான் காரணமாகக் காட்டவில்லை, கூடக் கிடைத்த கொசுறு.

டர்பனில் ரயில் முதலில் ஓடியது 1860 ஜூன் 26. சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் நம்மவர்களை இறக்கியது அதே ஆண்டு நவம்பர் 16. ஐந்து மாதம்கூட இடைவெளி இல்லை. அதன்பின் நேட்டால் ரயில்வேயில் எத்தனையோ ஒப்பந்தக் கூலிகள் தமிழ் பேசிக்கொண்டே தண்டவாளம் போட்டார்கள். ஒரு சொல்லாவது நாம் சேர்க்கலாம் என்று தோன்றியது.

டர்பனிலிருந்து

———

அண்ணா, வணக்கம்.

கால்பிசகை இப்போதே என் வார இறுதித் தமிழ் வகுப்பில் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் நொண்டிக் காட்டினார்கள்.

காலொப்பில்தான் எனக்குத் தயக்கம். காதில் விழும்போது ‘காலம்’ போலக் கேட்கிறது. நீராவி வால்வு திறக்கும் நேரத்தைச் சரிசெய்வதும் இந்த எஞ்சினில் ஒரு வேலை அல்லவா? அதுதான் காலொப்பு என்று ஒருவர் நினைத்துவிட்டால்? இன்னொன்று: மூன்று சிலிண்டர் எஞ்சினில் கிராங்குகள் 120 பாகை இடைவெளியில் நிற்குமே, அங்கே ‘கால்’ ஏது?

பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலிருந்து

———

அன்புள்ள தங்கைக்கு,

காலம் சேர்ந்தால் ‘காலவொப்பு’ என்றல்லவா புணரும்? எழுத்தில் குழப்பம் வராது. பேச்சில் வரலாம் என்பதை ஏற்கிறேன். குறிப்புகளில் முதல் முறை வரும் இடத்தில் ‘கால் சுற்று ஒப்பு’ என்று விரித்து எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்வோம். வால்வு வேலையை ‘வால்வு நேரம்’ என்றே விட்டுவிடலாம், அது ஏற்கெனவே எல்லோருக்கும் புரிகிறது.

மூன்று சிலிண்டருக்குக் காலொப்பு பொருந்தாது, ஒத்துக்கொள்கிறேன். ஆங்கிலச் சொல்லும் அங்கே பொருந்தாது என்பதில் சின்ன ஆறுதல். நம்மில் யாராவது மூன்று சிலிண்டர் கிட் வாங்கும் அன்று அதற்கு உட்காருவோம்.

கேரட்டைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. முன் அலகுக்கும் பின் அலகுக்கும் இடையே தண்டு ஏதும் இல்லை. காலொப்பு ஒவ்வோர் அலகுக்குள்ளேதான். இரண்டு அலகும் தம் போக்கில் சுற்றும். அதனால்தான் புகைபோக்கிச் சத்தம் சிறிது நேரம் சேர்ந்து கேட்டு, பிறகு மெல்லப் பிரிந்து, மறுபடி சேரும். இதைக் குறிப்பில் எழுதாவிட்டால் யாராவது இரண்டு அலகையும் காலொப்பிக்க உட்கார்ந்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை பின் அலகைக் காற்றழுத்தத்தில் ஓட்டிப் பார்க்கிறேன். கொதிகலனுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

டர்பனிலிருந்து