தினம் ஒரு படம், 365 நாள்: ஷிஃப்ட் வேலையோட எப்படி நடத்தறது?

பின்னலூரான்:
வணக்கமுங்க. வர்ற சித்திரை 1, ஏப்ரல் 14ல ஆரம்பிச்சு ஒரு வருஷம் தினமும் ஒரு போட்டோ எடுக்கலாம்னு இருக்கறேன். கையில 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (படம் பதியற சென்சார் நடுத்தர அளவு) கேமரா, 18-55 கிட் லென்ஸ், 50 எம்எம் எஃப் 1.8 (எஃப் எண் சின்னதா இருந்தா லென்ஸ் வாய் பெருசு, வெளிச்சம் ஜாஸ்தி), அப்புறம் ஒரு ஃபோன். வேலை திருப்பூர்ல பனியன் கம்பெனி. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. 8 மணிக்கு 8 மணி ஆள் மாறும்.

ராத்திரி 1 மணிக்கு எடுக்கற படம் எந்த நாள் கணக்கு? நிட்டிங் மெஷினை எடுத்தா படத்துல பட்டை பட்டையா கோடு விழுது, ஏனுங்க? மொட்டை மாடியில ஒரே இடத்துல நின்னு தினமும் சூரிய உதயத்தை எடுக்கலாம்னும் ஒரு எண்ணம். 365 படமும் ஒரே மாதிரி ஆயிருமோன்னு தயக்கமா இருக்குது.

நொய்யல்கரை:
நாள் கணக்குக்கு கேமரா கடிகாரத்தையே வெச்சுக்குங்க. 12 மணி தாண்டினா அடுத்த நாள். "தூங்கி எந்திரிச்சாத்தான் மறுநாள்"னு வெச்சுக்கிட்டா ராத்திரி ஷிஃப்ட் வாரம் முழுக்க ஃபைல் தேதி ஒண்ணு, உங்க கணக்கு ஒண்ணுன்னு ஆகி, மூணாம் மாசம் எது எந்த நாள்னே தெரியாது. ஆரம்பிக்கற அன்னைக்கே கேமரா கடிகாரத்தை ஃபோன் நேரத்தோட ஒத்துப் பார்த்து சரி பண்ணுங்க. பழைய கேமராவுல உள் பேட்டரி செத்திருந்தா, மெயின் பேட்டரியைக் கழட்டும்போதெல்லாம் தேதி போயிரும்.

இந்த மாதிரி திட்டம் நிக்கறது எடுக்க ஆளோ பொருளோ இல்லாம இல்லீங்க. எடுத்ததுல ஒண்ணைப் பொறுக்காம விட்டு, 20 நாள் படம் குவிஞ்சு, மலைச்சுப்போய்த்தான் நிக்குது. அதனால அன்னன்னைக்கே பொறுக்கிருங்க. 10 ஷாட்டுக்கு மேல வேண்டாம். பொறுக்கின ஃபைலுக்கு 2026-04-14ங்கற மாதிரி வருஷம், மாசம், நாள் வரிசையில பேர் வெச்சா கம்ப்யூட்டர் தானா வரிசைப்படுத்திரும். நாளை முன்னாடி போட்டா எல்லா மாசத்து 1ஆம் தேதியும் ஒண்ணா வந்து நிக்கும்.

24 மெகாபிக்சல் ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாத மூலப் படம்) ஒண்ணு 25ல இருந்து 30 எம்பி. தினம் 10ன்னா வருஷத்துக்கு 3,650 ஃபைல், 100 ஜிபி பக்கம். ஞாயித்துக்கிழமை மிச்சத்தை அழிச்சுட்டு, பொறுக்கினதை ரெண்டு தனித்தனி டிஸ்க்குல போடுங்க. ஒரு டிஸ்க் சொந்தக்காரங்க வீட்டுல இருக்கட்டும். ஃபோன் படத்தை வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பி சேமிக்காதீங்க: படம் சுருங்கும், எடுத்த தேதியும் இடமும் உள்ள இருந்து போயிரும். கேபிள் போட்டு எடுங்க.

ஒரு நாள் விட்டுப்போச்சுன்னா அந்த நாளோட இடத்தைக் காலியாவே விடுங்க. நேத்து எடுத்ததைத் தேதி மாத்திப் போட ஆரம்பிச்சா மொத்த வரிசையும் நம்பிக்கை இழந்துரும்.

பாவடி வீதி:
கோடு விழற விஷயம் மட்டும் சொல்றேன். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும். கண்ணுக்குத் தெரியாது. ஷட்டர் (வெளிச்சம் உள்ள வர்ற நேரம்) 1/250, 1/500 நொடின்னு வெச்சா சென்சாரோட ஒரு பகுதி வெளிச்சம் கூடின நேரத்துலயும், மத்த பகுதி குறைஞ்ச நேரத்துலயும் பதிவாகும். அதுதான் பட்டை. மலிவு எல்இடிக்கும் பழைய சோக் டியூப்லைட்டுக்கும் இது ஜாஸ்தி. ஷட்டரை 1/100 இல்ல 1/50ல வைங்க, முழு அலையா பிடிக்கும், கோடு போயிரும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் இருந்தா அதை அணைச்சுருங்க, அதுலதான் இன்னும் மோசம்.

1/100ல ஓடற மெஷின் கலங்கும்னு கவலைப்பட வேண்டாம். சுத்தற நிட்டிங் மெஷினுக்கு அந்தக் கலங்கல்தான் அழகு. தூண்ல சாஞ்சு நின்னு 1/15ல எடுங்க. மெஷினோட சட்டம் அசையாம நிக்கும், துணி மட்டும் சுத்தறது தெரியும். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி நாடாவை (குறுக்கு நூலோட அங்கயும் இங்கயும் ஓடற கட்டை) படத்துல துல்லியமா நிறுத்தணும்னா 1/1000 வேணும். அதைப் பகல்ல ஜன்னல் ஓரத் தறியில, 50 எம்எம் எஃப் 2ல, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குச் சென்சாரோட உணர்வு அளவு) 1600க்கு மேல போட்டு எடுங்க. சூரிய வெளிச்சத்துல கோடு வராது.

பஞ்சு பறக்கற இடத்துல லென்ஸ் மாத்தவே மாத்தாதீங்க. வீட்டுலயே எது வேணுமோ அதை மாட்டிட்டுப் போங்க. மாசம் ஒருக்கா எஃப் 16ல, ஃபோகஸ் இல்லாம வெள்ளைச் சுவத்தைப் படம் எடுத்துப் பெருசாக்கிப் பாருங்க. கருப்புப் புள்ளி இருந்தா கேமராவைக் கவுத்துப் பிடிச்சு ரப்பர் ப்ளோயரால ஊதுங்க. வாயால ஊதினா எச்சில் துளி ஒட்டிக்கும், அப்புறம் ப்ளோயருக்கு அது போகாது.

கம்பெனியில முதலாளிகிட்ட அனுமதி வாங்கிட்டு, பையர் (சரக்கு வாங்கற கம்பெனி) லேபிளும் டிசைனும் தெரியாம எடுங்க.

கெழக்குமேடு:
மாடிப் படம் ஒரே மாதிரி ஆகாதுங்க. நம்ம ஊர் 11 டிகிரி வடக்கு. ஜூன் கடைசி வாரத்துல சூரியன் நேர் கிழக்குக்கு 24 டிகிரி வடக்கே உதிக்கும், டிசம்பர் கடைசியில 24 டிகிரி தெற்கே. மொத்தம் 48 டிகிரி நடை. உங்க 50 எம்எம் ஏபிஎஸ்-சியில சுமார் 27 டிகிரிதான் பிடிக்கும், பாதி வருஷம் சூரியன் ஃப்ரேம்லயே இருக்காது. கிட் லென்ஸை 18ல வெச்சா 65 டிகிரி கிடைக்கும், அது போதும்.

எல்லாரும் தப்பு பண்ற இடம் ஒண்ணு இருக்குது. சித்திரை 1 அன்னைக்குச் சூரியன் நேர் கிழக்குல இல்ல, 10 டிகிரி வடக்கே தள்ளி இருக்கும். அன்னைக்குச் சூரியனை நடுவுல வெச்சு கேமராவைப் பூட்டினா, மார்கழியில அது 34 டிகிரி வலப்பக்கம் போய் ஃப்ரேமை விட்டு வெளிய விழுந்துரும். ஃபோன் திசைகாட்டியில 90 டிகிரி பார்த்து, நேர் கிழக்கை நடுவுல வைங்க.

டிரைபாட் கால் மூணுக்கும் தரையில பெயிண்ட் பொட்டு. ஜூம் வளையத்தையும் ஃபோகஸ் வளையத்தையும் டேப் போட்டு ஒட்டுங்க. தூரத்துல இருக்கற தண்ணி டேங்க்குல ஃபோகஸ் பண்ணிட்டு மேனுவலுக்கு மாத்திருங்க. எஃப் 8, ஐஎஸ்ஓ 100. ஒயிட் பேலன்ஸ் (நிறத்தைச் சமன் பண்ற அமைப்பு) "வெயில்"ல நிக்கட்டும், ஆட்டோவுல விட்டா ஒரு நாள் நீலம், ஒரு நாள் மஞ்சள்னு தாவும். உதயம் வருஷத்துக்குள்ள 6 மணிக்கும் 6.45க்கும் நடுவுல நகர்றதால, கடிகார நேரத்தைப் பிடிக்காம உதயத்துக்கு அப்புறம் 10 நிமிஷம்னு வைங்க. கண்ணை வ்யூஃபைண்டர்ல வைக்காம திரையில பாருங்க. ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து தள்ளும். டிரைபாட் நடுக் கொக்கியில 2 லிட்டர் தண்ணி பாட்டில் தொங்க விடுங்க, ஆனா ஆடாம தரையைத் தொட்டு நிக்கணும்.

பின்னலூரான்:
ரொம்ப நன்றிங்க. ராத்திரி ஷிஃப்ட் வாரத்துல உதய நேரத்துக்கு உள்ளேதான் இருப்பேன். அப்ப மாடிப் படம் பாதிதானே வரும்?

கெழக்குமேடு:
அதைத் தினப்படத்துல இருந்து பிரிச்சுருங்க. மாடிப் படம் வார லீவு அன்னைக்கு மட்டும், வருஷத்துக்கு 52. பங்குனி, புரட்டாசி வாக்குல சூரியன் ஒரு வாரத்துல கிட்டத்தட்ட 3 டிகிரி நகரும். சூரியனோட அகலமே அரை டிகிரிதான், அதனால ஆறு சூரியன் தூரம். கண்ணுக்கே தெரியும். ஜூன், டிசம்பர் கடைசியில மட்டும் நின்ன இடத்துலயே நிக்கற மாதிரி இருக்கும், அங்க திரும்புது. நொடிக்கு 4 படம் வெச்சு ஓட்டினா 13 நொடி வீடியோ.

நொய்யல்கரை:
இதுவே சரி. தினப்படத்துக்கு ராத்திரி வாரத்துல ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற வழியில 8ல இருந்து 8.30ன்னு நேரம் குறிச்சுக்குங்க, வெயில் இன்னும் சாய்வாத்தான் இருக்கும். பகல் வாரத்துல டீக்கடை, பஸ் ஸ்டாண்டு வெளிச்சம்; 50 எம்எம் எஃப் 2, 1/100, ஐஎஸ்ஓ 3200. மழைக்கோ காய்ச்சலுக்கோ வீட்டுக்குள்ளயே எடுக்கற மாதிரி பத்துப் பொருள் முன்னாடியே எழுதி வைங்க: ஈயம் பூசின சட்டி, மஞ்சக் கிழங்கு, ஜமக்காள நூல்னு. ஏப்ரல் 19 வாக்குல மதியம் 12.20க்கு லீவு கிடைச்சா வாசல்ல ஒரு செம்பை நிமித்து வெச்சு எடுங்க, நிழலே விழாது. ஆகஸ்ட் 24 வாக்குல மறுபடியும் வரும்.