புதுப்பிப்பு: காங் யாட்சே 2 ஏறிவிட்டேன்

மலையேற்றப் பயிற்சி எதுவும் இல்லாமல் லடாக்கின் காங் யாட்சே 2 சிகரத்தில் (6,250 மீட்டர்) ஏற முடியுமா என்று ஜூன் மாதம் கேட்டிருந்தேன். உடல் உயரத்துக்குப் பழகும்வரை லே நகரில் அவசரப்படாதீர்கள் என்று பலரும் சொன்னீர்கள். கேட்டது நல்லதாகப் போயிற்று.

லே 3,500 மீட்டர். அங்கே மூன்று நாள் சும்மா இருந்தேன். அப்புறம் மார்க்கா பள்ளத்தாக்கு வழியாக மெல்ல நடந்து அடிவார முகாம். 5,000 மீட்டருக்கு மேல் முதல் இரவு. தலைவலி, தூக்கமே இல்லை. ஒரு நாள் கூடுதலாகத் தங்கியதும் சரியானது.

இரவு 11 மணிக்குக் கிளம்பினோம். பாறைச் சரிவு முடிந்து பனி தொடங்கும் இடத்தில் கிராம்பான் (பனியில் வழுக்காமல் இருக்க பூட்ஸுக்கு அடியில் கட்டும் இரும்பு முள் சட்டம்) மாட்ட வேண்டும். கையுறையோடு வாரை இழுக்க வரவில்லை. கழற்றினேன், இரண்டே நிமிடத்தில் விரல்கள் மரத்துவிட்டன. வழிகாட்டி அண்ணன் மண்டியிட்டு மாட்டிவிட்டார். பிறகு என் கைகளைத் தன் அக்குளில் வைத்துச் சூடேற்றினார். அதை என்றைக்கும் மறக்க மாட்டேன். போகிறவர்கள் தயவுசெய்து வீட்டிலேயே கையுறையோடு கிராம்பான் மாட்டிப் பழகுங்கள்.

பாறை ஏறும் வித்தை தேவையில்லைதான். ஆனால் கடைசிப் பனிச்சரிவு செங்குத்து, கயிறு கட்டித்தான் ஏறினோம். பத்து அடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினேன். அங்கே கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் பாதிகூட இல்லை. உடன் வந்த நண்பர் 5,800 மீட்டரில் வாந்தி எடுத்ததும் இறங்கிவிட்டார். சரியான முடிவு. நான் காலை 7 மணிக்கு உச்சியில் நின்றேன்.

அடுத்த நாள் கோங்மாரு லா கணவாய் வழியாக இறங்கினோம். நண்பரும் நலம்.