பார்லிமெண்ட் கமிட்டி ரிப்போர்ட், மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு)னு தேடிப் படிச்சவங்க அனுபவத்தச் சொல்லுங்க (எனக்கு கோஷ்யாரி, உங்களுக்கு?)

பஞ்சுமூட்டை:

கோஷ்யாரி கமிட்டினா பென்ஷன ஏத்தச் சொன்ன பார்லிமெண்ட் கமிட்டி, அதுக்கு மேல விளக்க மாட்டேன், வீட்ல ஒரு இபிஎஸ் (பி.எஃப். கட்டின தொழிலாளிக்கு வர்ற பென்ஷன் திட்டம்) பென்ஷன்காரர் இருந்தா காது புளிச்சிருக்கும். எங்கப்பா ராஜபாளையத்துல மில்லுல முப்பத்திரண்டு வருஷம், இப்ப மாசம் 1,412 ரூவா. சங்கக் கூட்டம் பிள்ளையார் கோயில் மண்டபத்துல நடக்கும், போய்ட்டு வர்றப்பெல்லாம் "கோஷ்யாரி மூவாயிரம் குடுக்கச் சொல்லிட்டாருடா, பார்லிமெண்ட்ல எழுதியே வச்சிருக்கு" இதே பேச்சு. எனக்கு அது வாட்ஸப் கதையோனு ஒரு சந்தேகம். ஒருநாள் நைட்டு உக்காந்துட்டேன். பென்ஷன்னா தொழிலாளர் கமிட்டிதானேனு லோக்சபா பக்கமே ரெண்டு மணி நேரம் துழாவுனா எப்டி கிடைக்கும், அது கோஷ்யாரி தலைவரா இருந்த ராஜ்யசபா மனுக்கள் குழு, 147ஆவது ரிப்போர்ட், 2013. கிடைச்சுருச்சு. நெசந்தான், குறைஞ்சபட்சம் மூவாயிரம்னு இருக்கு. (அடுத்த வருஷம் செப்டம்பர்ல வந்தது ஆயிரம். இன்னும் அதே ஆயிரத்த வாங்குறவங்க சங்கத்துல இருக்காங்க.)

காலைல அப்பாவ லேப்டாப் முன்னாடி உக்கார வச்சேன். அவருக்கு இங்கிலீஷ் எழுத்து கூட்டிப் படிக்க வரும். ஸ்க்ரீன்ல விரல வச்சு வச்சு வந்தவரு ரெகமண்ட்ஸ்ங்கற எடத்துல நின்னுட்டாரு. இது என்னடானாரு. பரிந்துரைக்கிறாங்கப்பானேன். பரிந்துரைனா? சிபாரிசுப்பா.

"சிபாரிசா"னு ஒரு தடவ சொல்லிப் பாத்துக்கிட்டாரு. "மில்லு கேட்ல சிபாரிசு லெட்டரோட நின்னவன்ல எத்தன பேர உள்ள விட்டாங்கனு எனக்குத் தெரியும்டா"ன்னுட்டு கண்ணாடியக் கழட்டி கூட்டுல வச்சுட்டாரு. அதுக்கப்புறம் ஒரு வாரமா கோஷ்யாரி பேச்சே இல்ல. தேடிக் குடுத்தது தப்போனு இருக்கு.

சும்மாதான்:

என் கதை சின்னது. ரிப்போர்ட் கடைசில மினிட்ஸ் ஒட்டிருப்பாங்கல்ல, அதுல வந்திருந்தவங்க லிஸ்ட் இருக்கும். எங்க ஊரு பிரச்சனை சம்பந்தப்பட்ட ரிப்போர்ட், ஆசையா எங்க எம்.பி. பேர தேடுறேன், மேல இருந்து கீழ, கீழ இருந்து மேல, இல்ல. 31 பேர் கமிட்டில அன்னிக்கு வந்தது பதினோரு பேரு. ஓட்டு கேக்க எங்க தெருவுக்கு மூணு தடவ வந்த மனுஷன்.

அடிக்குறிப்பு அக்கா:

@சும்மாதான் ஒரு சிட்டிங் மினிட்ஸ வச்சு ஒருத்தர முடிவு பண்ணாதீங்க. ஒரு ரிப்போர்ட்டுக்கு நாலஞ்சு சிட்டிங் நடக்கும், எல்லா மினிட்ஸையும் பாத்தீங்களா? அதோட மினிட்ஸ்னா பேசினது பூரா இருக்கும்னு நினைக்கிறவங்களும் இங்க இருக்காங்க போல. இல்லங்க. நம்ம ஊர்ல கமிட்டி கூட்டம் மூடின கதவுக்குள்ளதான், லோக்சபா விதி 266லயே இருக்கு. மினிட்ஸ் ரெண்டு மூணு பக்கம் வந்தா பெருசு. யார் யார் வந்தாங்க, எந்த அமைச்சகத்து அதிகாரி, என்ன தலைப்பு, அப்புறம் "சாட்சிகள் வெளியேறினர்", நடுவுல ரெண்டு வரி நட்சத்திரமா போட்டு இந்த ரிப்போர்ட்டுக்குச் சம்பந்தமில்லாததுனு அடிக்குறிப்பு. சொல்லுக்குச் சொல் எழுதினது தனியா பதிவுல வச்சிருக்காங்கனு ஒரு வரி இருக்கும், அதோட சரி.

நான் பட்ட அவமானம்: எம்.ஃபில் வைவால 15ஆவது ரிப்போர்ட்னு மேற்கோள் காட்டினேன், வெளியில இருந்து வந்த பேராசிரியர் "எந்த லோக்சபாவோட பதினஞ்சு?"னு கேட்டார். வாய் ஒட்டிக்கிச்சு. லோக்சபா நிலைக்குழுக்களுக்கு ஒவ்வொரு தேர்தலுக்கப்புறமும் நம்பர் ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கும், அதனால ஒரே கமிட்டிக்கு பதினஞ்சாவது ரிப்போர்ட் நாலஞ்சு இருக்கும். ராஜ்யசபா குழுக்களுக்கு நம்பர் நிக்காம ஓடும், அதான் கோஷ்யாரிது 147.

@பஞ்சுமூட்டை நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன். பரிந்துரை இருக்கற ரிப்போர்ட்ட மட்டும் படிச்சா பாதிக் கதைதான். மூணு மாசத்துல அரசாங்கம் பதில் குடுக்கணும் (பொதுக் கணக்குக் குழுனா ஆறு மாசம்), அத வச்சு "எடுத்த நடவடிக்கை"னு இன்னொரு ரிப்போர்ட் வரும். லோக்சபா குழுக்கள்ல அது அஞ்சு அத்தியாயம். ரெண்டாவது, அரசு ஏத்துக்கிட்டது. மூணாவது, அரசு பதிலப் பாத்துட்டு கமிட்டியே சரி விடுன்னு விட்டது. அஞ்சாவது, முடிவான பதில் இன்னும் வராதது. நாலாவதுதான் சண்டை, அரசு சொன்ன பதில கமிட்டி ஏத்துக்காதது. நான் எந்த ரிப்போர்ட் எடுத்தாலும் நேரா நாலுக்குத்தான் போவேன். தேடும்போது இபிஎஸ்னு அடிக்காதீங்க, திட்டத்தோட முழுப் பேர இங்கிலீஷ்ல அடிங்க. பழசெல்லாம் ஸ்கேன் பண்ணின பிடிஎஃப், உள்ள இருக்கற வார்த்தை சிக்காது, தலைப்ப வச்சுதான் பிடிக்கணும். பட்ஜெட் கூட்டத்தொடர் மார்ச்ல மானியக் கோரிக்கை (ஒவ்வொரு அமைச்சகமும் செலவுக்குக் கேக்கற தொகை) ரிப்போர்ட்டுங்க மொத்தமா வந்து விழும், அதுல அமைச்சகம் குடுத்த எழுத்துப்பூர்வமான பதில அப்படியே எடுத்துப் போட்டிருப்பாங்க, தங்கம் அது. தமிழ்ல வராது, இங்கிலீஷ், ஹிந்தி ரெண்டுதான்.

சும்மாதான்:

நாலு சிட்டிங்கும் பாத்தேங்க. நாலுலயும் இல்ல.

காத்தாடி_மன்னார்:

நான் இலங்கை, மன்னார். இஞ்ச கோப் (அரச நிறுவனங்களை விசாரிக்கிற பாராளுமன்றக் குழு) கூட்டத்துக்கு 2019 இல இருந்து மீடியாவை உள்ள விடினம், அதால நாங்கள் அறிக்கை வரும்வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை, ரிவியிலயே பார்க்கலாம். 2022 ஜூன், எங்கட ஊர் காற்றாலை விசயம். மின்சார சபைத் தலைவர் குழுவுக்கு முன்னால இருந்து, அந்தத் திட்டத்தை இன்ன கொம்பனிக்குக் குடுக்கச் சொல்லி ஜனாதிபதி தனக்குச் சொன்னவர், அவருக்கு இந்தியப் பிரதமரிட்ட இருந்து அழுத்தம் எண்டு சொன்னார். அந்த நேரம் கரண்ட் கட், ஃபோனில சார்ஜ் பதினாலு வீதம், அதிலயும் நான் அந்தத் துண்டை மூண்டு தரம் போட்டுப் பார்த்தனான். ஜனாதிபதி அப்பிடி ஒண்டும் இல்லை எண்டார். இவர் உடனை தான் உணர்ச்சிவசப்பட்டுப் பொய் சொல்லிப்போட்டன் எண்டு வாபஸ் வாங்கினார், ரெண்டு மூண்டு நாளில கதிரையும் போட்டுது.

எனக்கு இண்டைக்கும் உறுத்திறது என்னெண்டால், சொல்லேக்க அந்த மனுசன்ர முகம் உணர்ச்சிவசப்பட்ட முகம் மாதிரி இல்லை. சாதாரணமாத்தான் சொன்னவர், எங்கட ஐயா பஸ் ஏன் பிந்தினது எண்டு சொல்லுவாரே, அப்பிடி. இதை எந்த மினிட்ஸில எழுதுவியள்? @அடிக்குறிப்பு அக்கா, கதவு மூடியிருந்தா "சாட்சிகள் வெளியேறினர்" எண்டுதான் வந்திருக்கும்.

குளிர்காலவாசி:

அக்கா சொல்றதும் மன்னார்க்காரர் சொல்றதும் ரெண்டும் சரின்னு படுது, ஆனா டிவில வந்தா எம்.பி.க்களும் கேமராவுக்குத்தானே பேசுவாங்க. லண்டன்ல இங்க அப்படித்தான், ஆனா கேள்விக்கெல்லாம் நம்பர் போட்டு டிரான்ஸ்கிரிப்ட்டும் வந்துடும். 2018 விண்ட்ரஷ் விவகாரம் (கரீபியன்ல இருந்து பல வருஷம் முன்னாடி வந்து குடியேறினவங்கள சட்டவிரோதமா இருக்கறவங்கனு நடத்தினது) அப்ப உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் ஏப்ரல் 25ந்தேதி கமிட்டில, வெளியேத்தறதுக்கு டார்கெட் எல்லாம் கிடையாதுங்கற மாதிரி சொன்னாங்க. டார்கெட் இருந்தது வெளிய வந்துருச்சு, 29ந்தேதி ராஜினாமா. வேலை விசாவுல இருந்த நான் அத ட்யூப்ல நின்னுக்கிட்டே படிச்சேன், அந்தப் பதில் மத்த பதிலெல்லாம் விட நீளமா கூட இல்ல, அதான் ஆச்சரியம்.

அடிக்குறிப்பு அக்கா:

கேமராவுக்குப் பேசுவாங்கன்றதுதான் இங்க மூடி வைக்கறதுக்குச் சொல்ற காரணமும். கட்சி பாக்காம பேசுவாங்களாம். சரி, பேசினத அஞ்சு வருஷம் கழிச்சாவது குடுக்கலாமேன்றது என் கட்சி.

பஞ்சுமூட்டை:

அக்கா, நீங்க சொன்ன மாதிரி மார்ச் ரிப்போர்ட்டுங்கள்ல தேடினேன். லோக்சபா தொழிலாளர் நிலைக்குழு, 2022. இந்தத் தடவ எந்த லோக்சபானும் எழுதி வச்சுக்கிட்டேன், பதினேழு. ஆயிரம் ரொம்பக் குறைச்சல்னு கமிட்டி சொல்லுது. அதுக்கு முன்னாடி 2018ல அமைச்சகமே போட்ட இன்னொரு கமிட்டி ரெண்டாயிரமாவது குடுங்கன்னு சொல்லிருக்கு, நிதி அமைச்சகம் அதுக்கும் ஒத்துக்கலையாம்.

காட்டவா வேணாமானு யோசிச்சுக்கிட்டே இருந்தேன், அவரே பின்னாடி வந்து நின்னுட்டாரு. சொன்னேன். கொஞ்ச நேரம் கணக்குப் போட்டாரு. "பதிமூணுல மூவாயிரம், பதினெட்டுல ரெண்டாயிரம். கமிட்டி போடப் போட இறங்குதேடா, இனி போடாம இருக்கச் சொல்லு."

ஆனா அந்த ரெண்டு பக்கத்தையும் பிரிண்ட் கேட்டிருக்காரு, சங்கத்துல காட்டணுமாம். எழுத்து பெருசா இருக்கணும்னாரு, அங்க பாதிப் பேருக்கு ஆபரேஷன் பண்ணின கண்ணு.