மறு: பிட் ராட் – ‘செல்லரிப்பு’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம். சேமித்து வைத்த கணினித் தரவு, யாரும் தொடாமல் கிடந்தே கெட்டுப்போவதை ஆங்கிலத்தில் ‘பிட் ராட்’ (bit rot) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில், ஈப்போ அண்ணன் இப்படி எழுதியிருந்தார்:

> பிட் ராட் = தரவுச் செல்லரிப்பு. ஓலைச்சுவடியை நினைவூட்டும், எல்லோருக்கும் புரியும்.

அண்ணன் தந்த சொல் அழகானது. ஆனால் எனக்கு இரண்டு இடத்தில் இடிக்கிறது.

‘செல்’ என்றால் மின்கலமும்தான். பழைய கருவிகளைப் பாதுகாப்பது பற்றி எழுதும்போது மின்கலம் பக்கத்துக்குப் பக்கம் வரும். டார்ச்சுக்குள் மறந்துபோன அல்கலைன் பேட்டரி கசிந்து, ஸ்பிரிங்கை அரித்து, வெள்ளையாகப் படிந்திருக்குமே, ‘செல்லரிப்பு’ என்றதும் வாசகர் அதைத்தான் நினைப்பார். (அதற்குப் ‘பூத்தல்’ என்று வைக்கலாம். உப்புப் பூத்த சுவர் என்கிறோம். அந்த வெள்ளைப் பொடியும் பெரும்பாலும் பொட்டாசியம் கார்பனேட் என்ற உப்புதான்.)

அடுத்தது முக்கியம். ஏடு செல்லரித்தால் ஓட்டை கண்ணுக்குத் தெரியும். தரவில் தெரியாது. போன மாதம் பினாங்கில் அம்மாவின் அலமாரியிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தேன். தண்ணீர்மலைத் தைப்பூசப் படங்கள், 2013இல் நகலெடுத்து வைத்தவை. கோப்பின் பெயர் சரி, அளவு சரி, தேதியும் சரி. திறந்தால், காவடி எடுத்த அப்பாவின் முகம் வரை படம் இருக்கிறது. தோளுக்குக் கீழே ஒரே சாம்பல் பட்டை. வேறு பிரதி இல்லை.

பென்டிரைவுக்குள் இருக்கும் ஃபிளாஷ் நினைவகம், பிட்டுகளை (தரவின் 0, 1 என்ற துணுக்குகளை) அடைத்துவைத்த மின்னூட்டமாகத்தான் வைத்திருக்கிறது. மின்சாரம் படாமல் கிடந்தால் அது மெல்லக் கசியும், சூட்டில் இன்னும் வேகமாக. எஸ்எஸ்டி என்ற கணினிச் சேமிப்பகமும் ஃபிளாஷ்தான். எழுதி எழுதியே தன் எழுதும் வாழ்நாளை முடித்த வீட்டுக் கணினி எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 பாகை செல்சியசில் 1 ஆண்டு தரவைத் தாங்க வேண்டும் என்கிறது, சில்லுத் தொழிலுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிலை. சர்வர் வகைக்கு 40 பாகையில் 3 மாதம்தான். நம் ஊரில் அலமாரிக்குள்ளேயே 30 பாகை வந்துவிடுகிறது.

‘தரவுச் சிதைவு’ ஏற்கெனவே இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். எழுதும்போது மின்சாரம் போய்க் கோப்பு கெட்டாலும் அது சிதைவுதான். நமக்கு வேண்டியது, யாரும் தொடாமல் சும்மா கிடந்தே கெடுவதற்கான சொல். ‘இற்றுப்போதல்’ எனக்கு முதலில் பிடித்திருந்தது. பெயர்ச்சொல்லாக்கினால் ‘தரவிறல்’ என்றாகி, ‘தரவிறக்கம்’ பக்கத்தில் போய் நிற்கிறது. வேண்டாம்.

நான் முன்மொழிவது ‘தரவு உளுத்தல்’. எஸ்டேட் பலகை வீட்டில் வளர்ந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். தூண் பார்க்க முழுசாக நிற்கும், சாயம்கூட உரிந்திருக்காது. விரலால் அழுத்தினால் உள்ளே மாவு. என் பென்டிரைவில் நடந்தது அப்படியே இதுதான். உளுவும் பூச்சிதானே, செல்லுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். பூச்சி எது என்பது எனக்குப் பொருட்டில்லை, வெளியே தெரியாமல் உள்ளே போய்விட்டது என்பதுதான் பொருள்.

வினையாகவும் வளைகிறது: கோப்பு உளுத்துவிட்டது, உளுத்த படம், உளுக்காத பிரதி. கலைச்சொல் பேச்சில் புழங்க இது அவசியம்.

அப்புறம், ஒவ்வொரு கோப்பையும் முழுதாகப் படித்து, செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) பழைய கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று தவணை தோறும் பார்ப்பதை ‘ஸ்கிரப்பிங்’ என்கிறார்கள். தச்சர் தூணைத் தட்டி, சத்தத்தை வைத்தே உளுப்பைக் கண்டுபிடிப்பார். அதனால் ‘தட்டிப்பார்த்தல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். சரியா, சொல்லுங்கள்.