தான்சானியாவில் கணக்கு டீச்சராக முதல் வாரம்: வகுப்பில் சுவாஹிலி பேசலாமா?

கணக்கு_டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஓராண்டுக்குத் தன்னார்வ ஆசிரியையாகத் தான்சானியா வந்திருக்கிறேன். மொரோகோரோ நகரத்திலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் தள்ளி ஒரு கிராமம். அங்கே அரசு செகண்டரி பள்ளியில், ஏழாம் வகுப்பு முடித்துப் புதிதாக ஃபார்ம் ஒன் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். போன திங்கட்கிழமைதான் சேர்ந்தேன். ஒரு விஷயத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கிறேன்.

பள்ளிக்குப் பின்னால் உலுகுரு மலை. முன்னால் கண்ணுக்கு எட்டிய தூரம் நார்க் கற்றாழைத் தோட்டம். நம் ஊரில் தண்டவாளத்து ஓரம் நிற்குமே ரயில் கற்றாழை, அதே ஜாடை. வகுப்பில் 84 பேர், ஒரு பெஞ்சுக்கு மூன்று பேர். காலையில் பிள்ளைகளே விளக்குமாறு கொண்டுவந்து வாசலைப் பெருக்குகிறார்கள். என்னைக் கண்டதும் "ஷிகமோ மேடம்" என்பார்கள். பெரியவர்களுக்கு மட்டும் சொல்லும் வணக்கம் அது. 'உங்கள் பாதத்தைப் பிடிக்கிறேன்' என்பதிலிருந்து வந்த சொல் என்கிறார்கள். நான் 'மரஹபா' என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். ஊஜி காய்ச்சுகிற சமையல்கார அம்மா என்னைவிட மூத்தவர். அவருக்கு ஷிகமோ சொல்ல வேண்டியவள் நான். (ஊஜி நம் கூழேதான். மத்தியானம் உகாலி, மக்காச்சோள மாவில் கிண்டிய களி.)

செவ்வாய்க்கிழமை பின்னம் ஆரம்பித்தேன். போர்டில் 1/4 + 1/2 எழுதி, "ஒன் குவார்ட்டர் ப்ளஸ் ஒன் ஹாஃப்" என்று வாசித்து, யார் வந்து போடுகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அத்தனை பேரும் குனிந்துகொண்டார்கள். புரிந்ததா என்று கேட்டால் மட்டும் "யெஸ் மேடம்" என்று ஒரே குரல். நோட்டுகளை வாங்கிப் பார்த்தேன். போர்டில் இருந்ததெல்லாம், கை தவறி நான் நீட்டிவிட்ட கோடு உட்பட, முத்து முத்தான கையெழுத்தில் இருந்தது. விடை மட்டும் இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் சர்க்கரை வாங்கப் போனேன். கடைக்கார அம்மா தராசைப் பிடித்துக்கொண்டு "ரோபோ? நூசு?" என்றார். நான் விழித்ததைப் பார்த்து, கட்டி வைத்திருந்த பொட்டலம் இரண்டைத் தூக்கிக் காட்டினார். கால் கிலோ, அரைக் கிலோ. பக்கத்தில் ஒரு பையன், ஒன்பது வயசு இருக்கும், "ரோபோ டாட்டு" என்று காசை நீட்டினான். அவனுக்கு முக்கால் கிலோ நிறுத்துக் கொடுத்தார். ரோபோ என்றால் கால். டாட்டு என்றால் மூன்று. நம் முக்காலும் மூன்று கால்தானே! எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது.

மறுநாள் அதே கணக்கை எழுதினேன். 1/4ஐத் தொட்டு "ரோபோ" என்றேன். 1/2ஐத் தொட்டு "நூசு" என்றேன். கூட்டச் சொல்லவே இல்லை, "ரோபோ டாட்டு!" என்று வகுப்பே கத்தியது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து சாக்பீஸை வாங்கி ஒரு வட்டம் போட்டாள். நாலாக வெட்டினாள். ஒரு துண்டைத் தீட்டினாள், பிறகு இரண்டு. வகுப்பைப் பார்த்துச் சுவாஹிலியில் கடகடவென்று விளக்கினாள். மூன்று நாளாக வாய் திறக்காத பிள்ளை அவள்.

அன்று மத்தியானம் மூத்த ஆசிரியர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, கோபமில்லாமல்தான், "மேடம், இங்கே பாடமொழி ஆங்கிலம்" என்றார். சுவரிலேயே எழுதியிருக்கிறது: 'நோ இங்கிலிஷ், நோ சர்வீஸ்'. வெள்ளிக்கிழமை என் வகுப்புப் பையன் ஒருவன் வராந்தாவில் முட்டி போட்டிருந்தான். பக்கத்துப் பையனிடம் சுவாஹிலியில் ஸ்கேல் கேட்டுவிட்டானாம்.

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. நான் விருதுநகர் பக்கம் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். வகைக்கெழு என்றால் உறக்கத்திலும் சொல்வேன். கல்லூரியில் முதல் நாள் 'டெரிவேட்டிவ்' என்று ஆரம்பித்தார்கள். அது வேறு ஏதோ புதுப் பாடம் என்று நினைத்து மூன்று மாதம் ஊமையாக உட்கார்ந்திருந்தேன். அந்தக் குனிந்த தலைகளை எனக்குத் தெரியும்.

பிள்ளைகள் மொழியில் சொல்லலாமா, பள்ளி விதிக்குக் கட்டுப்பட வேண்டுமா? விருந்தாளியாக வந்த இடத்தில் எதுவரை போகலாம்?

தாருஸ்ஸலாம்_வாசி எழுதியது:

வணக்கம் சகோதரி. பதினோரு வருஷமாக இங்கே குடியிருக்கிறேன், என் பிள்ளைகளும் இங்கேதான் படிக்கிறார்கள். நீங்கள் பார்த்தது உங்கள் பள்ளிக்கு மட்டும் உள்ள சங்கடம் இல்லை. 1967லிருந்து அரசு ஆரம்பப் பள்ளி முழுக்கச் சுவாஹிலியில். நாட்டின் முதல் ஜனாதிபதி நியெரெரே பள்ளி ஆசிரியராக இருந்தவர், இன்றைக்கும் ஜனங்கள் அவரை 'ம்வாலிமு', வாத்தியார் என்றுதான் சொல்கிறார்கள். அவர் காலத்து ஏற்பாடு அது. ஆனால் செகண்டரிக்குள் கால் வைத்ததும் அநேகமாக எல்லாப் பாடமும் ஆங்கிலத்துக்கு மாறிவிடும். ஃபார்ம் டூவிலும் ஃபார்ம் ஃபோரிலும் தேசியத் தேர்வு ஆங்கிலத்தில். 2014 கல்விக் கொள்கை இரண்டு மொழியையும் பாடமொழியாக ஏற்றுக்கொண்டது. தேர்வுத்தாள் மாறவில்லை. உங்கள் மூத்த ஆசிரியரின் கவலை அதுதான், அவரைத் தப்பாக நினைக்காதீர்கள்.

84 பேர் எப்படி என்றால், 2016லிருந்து அரசுப் பள்ளியில் ஃபார்ம் ஃபோர் வரை கட்டணம் இல்லை. முன்பெல்லாம் வயலுக்குப் போயிருக்கும் பிள்ளை இப்போது பெஞ்சுக்கு வருகிறது.

இன்னொன்று. உங்கள் பக்கம் வீட்டில் லுகுரு பேசும் குடும்பங்கள் உண்டு. அந்தப் பிள்ளைக்குச் சுவாஹிலியே இரண்டாவது மொழி, ஆங்கிலம் மூன்றாவது.

சுவாஹிலி கற்க நமக்குச் சிரமமே இல்லை. ஆங்கிலத்தில் எல்லாமே 'ரைஸ்'. இங்கே வயலில் நிற்பது ம்பூங்கா, மூட்டையில் இருப்பது ம்சேலே, தட்டில் விழுவது வாலி. நெல், அரிசி, சோறு! நேரம் மட்டும் கவனம்: காலை 7 மணிதான் இங்கே முதல் மணி. 'சா ம்பீலி', இரண்டு மணி, என்று மீட்டிங் சொன்னால் காலை 8க்குப் போய் நில்லுங்கள்.

மலாவியில்_இருந்தவன் எழுதியது:

அக்கா, நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். 2018இல் மலாவியில் ஓராண்டு இருந்தேன். அந்த ஊர் மொழியான சிச்சேவா ஓரளவு வந்ததும் அறிவியல் முழுக்க அதிலேயே விளக்கினேன். பிள்ளைகள் என்னைச் சுற்றியே வந்தார்கள், எனக்கும் பெருமையாக இருந்தது. வருஷக் கடைசிப் பரீட்சையில் கேள்வியைப் படித்தே புரிந்துகொள்ள முடியவில்லை. விடை தெரிந்த பிள்ளைகள் வெறும் தாளைக் கொடுத்தார்கள். ஒரு பையன் கேள்வித்தாளை என்னிடம் கொண்டுவந்து, 'எஸ்டிமேட்' என்ற சொல்லைக் காட்டி, "இது என்ன சார்?" என்று கேட்டான். நான் சொன்னதும் உடனே விடையைச் சொன்னான். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. பிழை முழுக்க என்னுடையது. நாம் ஊருக்குக் கிளம்பிவிடுவோம், தேர்வு எழுதப்போவது அவர்கள். பேசுவது எந்த மொழியிலும் இருக்கட்டும், நோட்டில் எழுதுவது முதல் வாரத்திலிருந்தே ஆங்கிலத்தில் இருக்கட்டும்.

ஓய்வு_ஆசிரியர்_புதுக்கோட்டை எழுதியது:

அம்மா, முப்பத்து நாலு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் சொல்கிறேன். தம்பி சொன்னதும் சரி, நீ செய்ததும் சரி. இரண்டுக்கும் நடுவில் வரிசை என்று ஒன்று இருக்கிறது. முதலில் பொருள், அடுத்து பிள்ளையின் சொல், அதற்கப்புறம் பரீட்சைச் சொல். பின்னத்தின் மேல் எண்ணைத் தொகுதி, கீழ் எண்ணைப் பகுதி என்று நாம் சொல்வதற்கு அந்த ஊர்ப் பாடப் புத்தகத்திலும் சொல் இருக்கும். ஏழு வருஷம் அந்தச் சொல்லில்தான் படித்திருக்கிறார்கள். ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் ஒன்றை எப்படியாவது வாங்கு. உனக்கு வேண்டிய அகராதி அதுதான்.

"புரிந்ததா?" என்று மட்டும் கேட்காதே. அந்தக் கேள்விக்கு எந்த ஊர்ப் பிள்ளையும் ஆமாம் என்றுதான் சொல்லும். "எது வரைக்கும் வந்தது?" என்று கேள்.

முட்டி போட்ட பையன் விஷயம்: ஸ்டாஃப் ரூமில் நாலு பேர் முன்னால் பேசிவிடாதே. தலைமையாசிரியரிடம் தனியாகப் போ. நியாயம் பேச வந்தவளாகப் போகாதே, உதவி கேட்கப் போ. 'என் பாடவேளையில் ஒரு பரிசோதனை செய்து பார்க்கிறேன், ஒரு மாதம் கொடுங்கள், ஆங்கிலத்தில் டெஸ்ட் வைத்துக் காட்டுகிறேன்' என்று சொல்.

கணக்கு_டீச்சர் எழுதியது:

ஐயா, அண்ணா, தம்பி, மூவருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மழையில் நெட்வொர்க் படுத்துவிட்டது.

ஏழாம் வகுப்புப் புத்தகம் கிடைத்தது, சமையல்கார அம்மாவின் மகள் படித்தது. பகுதிக்கு 'அஸிலி' என்கிறார்கள். மூலம், பிறப்பிடம் என்றும் அதே சொல்லுக்குப் பொருளாம். பழைய காலண்டர் தாள்களைத் திருப்பிப் போட்டு இரண்டு பத்தியாக எழுதிச் சுவரில் ஒட்டினோம். இடப்பக்கம் அவர்கள் சொல், வலப்பக்கம் ஆங்கிலம். எழுதியது முழுக்கப் பிள்ளைகள். சுவாஹிலி எழுத்துப்பிழையை எனக்குத் திருத்துவது அந்தக் கடைசி பெஞ்சுப் பெண்.

தலைமையாசிரியரைத் தனியாகப் பார்த்தேன். ஐயா சொன்னபடியே கேட்டேன். ஒரு மாதம் கொடுத்திருக்கிறார். முட்டி போடுவதைப் பற்றிக் கேட்டபோது மட்டும் முகம் இறுகிவிட்டது. "உங்கள் பாடவேளை உங்களுடையது" என்றார், அவ்வளவுதான். என் பாடவேளையில் யாரும் முட்டி போடப்போவதில்லை. வராந்தாவில் நடப்பதை நிறுத்த எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.

நேற்று ஆங்கிலத்திலேயே வாக்கியக் கணக்கு கொடுத்தேன், எழுதுவதும் ஆங்கிலத்தில். முடித்துவிட்டீர்களா என்று கேட்டதும் பழைய 'யெஸ் மேடம்' வரவில்லை. "பாடோ, மேடம்" என்று கைகள் எழுந்தன. பாடோ என்றால் 'இன்னும் இல்லை'. எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொரு கை. எங்கே நின்றது என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். பாதிப் பேருக்கு 'ரிமெய்னிங்' என்ற ஒரே சொல் மட்டும்தான் புரியவில்லை. அது சுவரில் ஏறிவிட்டது.

அடுத்த வாரம் தசமம். புள்ளிக்குப் பின்னால் பூஜ்யம் சேர்த்தால் எண் பெரிதாகாது என்பதை எதைக் காட்டி ஆரம்பிப்பீர்கள், ஐயா? தராசு கைவசம் இருக்கிறது, கடைக்கார அம்மா இரவல் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.