பெட்ரோல் காரிலும் கரி வடிகட்டியா? மஞ்சள் விளக்கு அணையவில்லை

நெக்கார்க்கரை:
ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறேன். 2019 மாடல் பெட்ரோல் கார், டைரக்ட் இன்ஜெக்‌ஷன். குழந்தையைக் காப்பகத்தில் விட்டு அலுவலகம் போக மொத்தமே நாலு கிலோமீட்டர். குளிர் மைனஸில் இறங்கியதிலிருந்து மஞ்சள் விளக்கு எரிகிறது. கையேட்டில் துகள் வடிகட்டி என்று போட்டிருக்கிறது. அது டீசலுக்குத்தானே? பட்டறையில் பார்க்காமலே மாற்றச் சொல்கிறார்கள்.

புகைப்பரிசோதகன்:
அவசரப்பட்டு மாற்றாதீர்கள். பதினோரு வருடமாக எனக்கு இதே வேலை.

உங்கள் எஞ்சினில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பாய்கிறது. குளிரில் அது பிஸ்டன் தலையில் ஈரமாகப் படிந்து, சரியாக எரியாமல் கரியாகிறது. அதனால்தான் ஐரோப்பாவில் 2017 செப்டம்பரிலிருந்து புது மாடல்களுக்குக் கிலோமீட்டருக்கு 60,000 கோடி துகள்தான் என்று வரம்பு வைத்தார்கள். அதற்கு முன் இதைப் போல் பத்து மடங்கு விடலாம். இந்த வரம்புக்குள் நிற்கத்தான் உங்கள் பெட்ரோல் வண்டியிலும் துகள் வடிகட்டி.

பழுதான வடிகட்டி ஒன்றை அறுத்துப் பார்த்திருக்கிறேன். தேன்கூடு மாதிரி பீங்கான். ஒரு குழாய் திறந்திருந்தால் அடுத்தது அடைத்திருக்கும், மறுமுனையில் நேர்மாறு. புகை நடுச்சுவரின் நுண்துளை வழியாகத்தான் போக முடியும், கரி அங்கேயே தங்கிவிடும். உள்ளே வரும் குழாய் மைக்கறுப்பு. ஒரு மில்லிமீட்டர் தள்ளி, வெளியேறும் குழாய் வெள்ளை வெளேரென்று இருந்தது. இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்தக் கரி எரிய 600 டிகிரியை ஒட்டிய சூடும் ஆக்சிஜனும் வேண்டும். டீசலில் ஆக்சிஜன் தாராளம், சூடு போதாது. பெட்ரோலில் சூடு உண்டு, ஆக்சிஜன்தான் மிஞ்சுவதில்லை. கியரில் ஓடும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் பெட்ரோலை நிறுத்திவிடும், வெறும் காற்று வடிகட்டிக்குள் போகும். கரி எரிவது அந்தச் சில நொடிகளில்தான். நாலு கிலோமீட்டரில் சூடே ஏறாது.

ஆட்டோபான் விரைவுச்சாலையில் அரை மணி நேரம், ஒரு கியர் குறைத்து, எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றை ஒட்டி ஓட்டுங்கள். பின்னால் வண்டி இல்லாத இடமாகப் பார்த்து அடிக்கடி காலை எடுங்கள். இழுவை குறைந்தாலோ வேறு விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ இதைச் செய்யவே வேண்டாம். நிறையக் கரி ஒரேயடியாக எரிந்தால் பீங்கானே உருகிவிடும்.

நெக்கார்க்கரை:
ஆட்டோமேட்டிக் வண்டி அண்ணா. காலை எடுத்தால் சுற்று 800க்கு விழுந்து, வண்டி பாட்டுக்கு மிதந்து போகிறது.

புகைப்பரிசோதகன்:
அது ஈகோ மோடு, தம்பி. கிளட்ச் விலகிவிடுவதால், எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோலை எரித்துக்கொண்டே இருக்கும், வெறும் காற்று போகாது. கியர் லிவரை எஸ்-இல், அதாவது ஸ்போர்ட் மோடில் போட்டு ஓட்டுங்கள்.

நெக்கார்க்கரை:
ஞாயிறு ஹைல்பிரான் வரை போய் வந்தேன். திரும்பும் வழியில் விளக்கு அணைந்துவிட்டது. வயிற்றில் பால் வார்த்தீர்கள் அண்ணா!

இரவுஷிஃப்ட்:
ஆயிலையும் கவனியுங்கள். கரி எரிந்துவிடும், ஆயிலில் சேர்க்கும் கால்சியம், துத்தநாகம் விடும் சாம்பல் எரியாது, வடிகட்டியிலேயே தங்கும். கையேட்டில் சொன்ன சாம்பல் குறைந்த ஆயில்தானா என்று அடுத்த சர்வீஸில் டப்பாவை வாங்கிப் பாருங்கள்.